டிரம்மருக்கு வயது என்ன?

பழைய ராக் குழு ஒன்று நம் பக்கம் வரப்போகிறது என்று செய்தி வந்தால் நண்பர்கள் முதலில் விசாரிப்பது பாடகரைப் பற்றித்தான். "இன்னும் குரல் இருக்காடா? அந்த மேல் ஸ்தாயி வருதா?" நான் விசாரிப்பது டிரம்மரைப் பற்றி. அவருக்கு என்ன வயது, சமீபத்தில் உடம்புக்கு ஏதாவது வந்ததா, உட்காரப்போவது பழைய ஆளா புது ஆளா? இது தெரிந்துவிட்டால் கச்சேரி எப்படி இருக்கும் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும் என்பது என் கட்சி. முப்பது வருடமாக இந்தக் கிழட்டுச் சிங்கங்களின் பின்னால் அலைந்து நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இதுதான்.

காரணம் எளிது. பாடகருக்குத் தப்பிக்க வழிகள் பல. சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளலாம். கிட்டார் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் முடிந்தது, கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. மேலே போகவேண்டிய இடத்தில் மைக்கை நம் பக்கம் நீட்டலாம். நாமே பாடி நாமே கைதட்டிக்கொள்வோம். துணைக்குரல்காரர்கள் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பார்கள். எதுவும் முடியாவிட்டால் பாட்டையே விட்டுவிடலாம். டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் 'சைல்ட் இன் டைம்' பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இருபத்துநான்கு வயதுத் தொண்டையில் பிறந்த அலறல் அது. நேரில் கேட்க வாய்க்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் அரைகுறையாகப் பாடிக் கெடுப்பதைவிட விட்டுவிட்டது கௌரவமான முடிவு.

டிரம்மருக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு மணி நேரம். அவருடைய காலப்பிரமாணம் ஒரு நூல் இறங்கினால் பேஸ் கிட்டார் அவரோடு சேர்ந்து இறங்கும். வேகம் குறைந்தால் ஒவ்வொரு வரியும் நீளும். வரி நீண்டால் பாடகருக்கு மூச்சு போதாது. எழுபது வயதுப் பாடகர் வரியின் கடைசிச் சொல்லை விழுங்கினால் "குரல் போச்சு" என்கிறோம். பல நேரம் போனது குரல் இல்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வலது கால்.

முதிர்ந்த குரலைக் கேட்கும் பக்குவத்தை, சென்னைக்காரனான எனக்கு, ராக் இசை கற்றுத்தரவில்லை, சபாக்கள் கற்றுத்தந்தன. செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பதைக் கடந்தும் மேடையேறியவர். "சாரீரத்தை விடு, அந்த சங்கதியைப் பாரு" என்று பக்கத்து நாற்காலி மாமாக்கள் எனக்குப் பாடம் எடுப்பார்கள். அதே மாமாக்கள் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேண்டீனுக்கு எழுந்துபோவார்கள் என்பது வேறு விஷயம். ராக் கச்சேரியிலும் டிரம் சோலோ வந்தால் பீர் வரிசை நீண்டுவிடுகிறது. தாளக்காரனுக்கு எல்லா ஊரிலும் ஒரே மரியாதைதான்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. மூன்று நாள் கழித்து மும்பை. சென்னையிலிருந்து நாங்கள் ஒரு கும்பலாக ரயிலேறிப் போனோம். மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. "இந்த வயசுல என்னமா ஓடுறாரு பாரு" என்று வாயைப் பிளந்தோம். அப்போது எங்களுக்கு அது கிழ வயதாகத் தெரிந்தது. கூட்டம் முழுக்க ஜாகரோடு இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டிருக்க, நான் மேடையைப் பார்த்தபடி வலப்பக்கம் நகர்ந்து போய் நின்றேன். வலக்கை டிரம்மர்களுக்கு ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பல் அந்தப் பக்கம்தான் இருக்கும். சார்லி வாட்ஸின் கைகளை அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

சார்லிக்கு 61. ராக் உலகத்துக்கு வந்துவிட்ட ஜாஸ்காரர். டிரம் செட் சிறியது, முகத்தில் சலனம் கிடையாது, சட்டை கசங்காது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வலது கை ஹை-ஹாட்டில் தட்டிக்கொண்டே வரும். இடது கை ஸ்னேர் டிரம்மில் விழும் நேரத்தில் மட்டும் வலது கையை மேலே தூக்கிவிடுவார். பெரும்பாலான ராக் டிரம்மர்கள் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். இவர் தூக்கிவிடுவதால் ஸ்னேர் அடி தனியாக, சுத்தமாக விழும். அந்தச் சின்ன வெற்றிடத்தில்தான் ஸ்டோன்ஸின் சாய்ந்து நடக்கும் நடை இருந்தது. மற்றக் குழுக்கள் டிரம்மர் பின்னால் போகும், ஸ்டோன்ஸில் டிரம்மர் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் பின்னால் போவார் என்று ரசிகர்கள் சொல்வார்கள். நேரில் பார்த்தபோது அது வெறும் பேச்சாகத் தெரியவில்லை. கீத் தொடங்குவார், சார்லி அரைக்கண்ணால் பார்ப்பார், பிறகு வந்து சேர்ந்துகொள்வார்.

சார்லி 2021 ஆகஸ்ட் 24 அன்று, 80 வயதில் காலமானார். ஒரு மாதம் கழிந்ததுமே, சிகிச்சைக்காக அவர் ஓய்வெடுப்பார் என்று அறிவித்து ஏற்கெனவே மாற்றாளாக எடுத்திருந்த ஸ்டீவ் ஜோர்டனை வைத்துக்கொண்டு செப்டம்பர் இறுதியில் செயின்ட் லூயிஸில் அமெரிக்கச் சுற்றைத் தொடங்கினார்கள். காலியான மேடை, தாளம் மட்டும் ஒலிக்கிறது, திரையில் சார்லியின் படங்கள். ரசிகர்களில் ஒரு சாரார் "சார்லி இல்லாம ஸ்டோன்ஸா?" என்று கொதித்தார்கள். நானும் அந்தக் கட்சியில் சேர்ந்திருப்பேன். ஆனால் கேட்காமல் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிக்காது.

2024 மே மாதம் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது மெட்லைஃப் ஸ்டேடியத்தில் அவர்கள் வாசித்தார்கள். அந்தச் சுற்றின் விளம்பரதாரர் ஏஏஆர்பி, அதாவது ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான அமெரிக்க அமைப்பு. வேறு எந்த ராக் குழுவுக்கும் இவ்வளவு பொருத்தமான விளம்பரதாரர் கிடைத்திருக்க மாட்டார். எங்களுக்குக் கிடைத்தது உச்சாணி மாடம். மகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் மிக்கைப் பாக்குறாங்க. நீங்க என்னப்பா, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு டிரம்ஸையே பாத்துட்டு இருக்கீங்க?" என்றாள்.

என் தீர்ப்பு இது: ஜோர்டன் சார்லி இல்லை, சார்லி மாதிரி வாசிக்கவும் முயலவில்லை. சார்லி தாளத்தின் மேல் சாய்ந்து உட்காருவார். ஜோர்டன் தாளத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போகிறார். அடி கனமாக விழுகிறது. அந்தப் பழைய சொகுசு போய்விட்டது. ஆனால் எண்பது வயதில், 2019இல் இதய வால்வு சிகிச்சை செய்துகொண்ட ஒரு மனிதர் அந்த நீண்ட நடைமேடையில் ஓடி வருகிறார் என்றால், அவருக்குக் கீழே தரை அசையாமல் இருக்க வேண்டும். அந்தத் தரையை ஜோர்டன் போட்டுக்கொடுக்கிறார். ஜாகரைக் காப்பாற்றியதில் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பாதிப் பங்கு என்றால் மீதி ஜோர்டனுக்கு.

அங்கே கவனித்த இன்னொன்று, ஓய்வை அவர்கள் நிகழ்ச்சிக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கும் விதம். நடுவில் கீத் இரண்டு மூன்று பாட்டுப் பாடுவார், ஜாகர் உள்ளே போய்விடுவார். பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கம்தான், ஆனாலும் இப்போது அதற்கு அர்த்தம் வேறு. சுற்றின் கால அட்டவணையும் அப்படித்தான். ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் தொடங்கி ஜூலை 21இல் முடிந்த பன்னிரண்டு வாரத்தில் 20 நிகழ்ச்சிகள், சராசரியாக நான்கு நாளுக்கு ஒன்று. ஆகவே டிக்கெட் வாங்கும் முன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முந்தைய நிகழ்ச்சிக்கும் நீங்கள் போகப்போகும் நிகழ்ச்சிக்கும் நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி இருக்கிறதா? அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் அடுத்தடுத்த இரவுகளில் பாடுவதாக இருந்தால், முதல் இரவுக்குப் போங்கள்.

அயர்ன் மெய்டன் விஷயம் இன்னும் தெளிவு. 2007 மார்ச் 17, அதே அரண்மனை மைதானம். முதலில் டெல்லிக் குழு பரிக்ரமா, பேஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸின் குழு, அப்புறம் மெய்டன். இந்தியாவின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்திறங்கிய நாள் அது. நிக்கோ மெக்பிரைன் வெறுங்காலோடு, ஒற்றை பெடலில் வாசிப்பவர். மற்ற மெட்டல் டிரம்மர்கள் இரண்டு காலில் செய்வதை அவர் ஒரே காலில் செய்துவிடுவார். செட் அவ்வளவு பெரிது என்பதால் ஆளே தெரியாது. குச்சிகள் எழுவதும் விழுவதும் மட்டும் தெரியும்.

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. சில மாதத்தில் மேடைக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சுற்றில் ரசிகர்கள் எடுத்த காணொளிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். வேகமான சில உருட்டல்கள் இல்லை. அந்த இடங்களை எளிமையாக்கி வாசித்தார். ஆனால் நடை விடவில்லை. உருட்டல் அலங்காரம், நடைதான் கட்டடம் என்பதை அவர் கை காட்டியது. 2024 டிசம்பரில் சாவ் பாலோவில் கடைசியாக வாசித்துவிட்டு, சுற்றுப்பயணங்களிலிருந்து விலகினார். ஹாரிஸின் இன்னொரு குழுவில் வாசித்துவந்த சைமன் டாசன் அந்த இடத்துக்கு வந்தார். மெய்டனுக்கு இப்போது போகிறவர்கள் புரூஸ் டிக்கின்சனின் குரலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடிநாக்கில் வந்த புற்றுநோயைத் தாண்டி வந்த தொண்டை அது. டாசனைக் கேட்கப் போங்கள்.

ஃபில் காலின்ஸ் கதையை எல்லோரும் சோகக் கதையாகச் சொல்கிறார்கள். முதுகெலும்பும் நரம்பும் கெட்டுக் குச்சியைப் பிடிக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தே பாடி, 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனிசிஸ் குழுவின் கடைசி நிகழ்ச்சியை முடித்தார். எனக்கு அதில் தெரிவது வேறு. டிரம்ஸில் உட்கார வைத்தது தன் மகன் நிக்கை. தன் கையை அறிந்த கை அது. ரிங்கோ ஸ்டார் வேறு வழி கண்டார்: தன் ஆல் ஸ்டார் குழுவில் பக்கத்திலேயே இன்னொரு டிரம்மரை வைத்துக்கொண்டார். நினைத்தால் வாசிப்பார், நினைத்தால் எழுந்து முன்னால் வந்து பாடுவார். புத்திசாலி.

இதற்கெல்லாம் சிகரம் 2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க். ஓஸி ஆஸ்போர்னின் கடைசி மேடை. கட்டணம் கட்டி இணையத்தில் பார்த்தோம். ஒளிபரப்பு இரண்டு மணி நேரம் தாமதமாக ஓடியதால் பிளாக் சபாத் வருவதற்குள் இங்கே ஞாயிறு விடிந்துகொண்டிருந்தது. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார் ஓஸி. எல்லோரும் அவரைப் பார்த்து அழுதார்கள். நான் பார்த்தது பில் வார்டை.

பின்னணி தெரியாதவர்களுக்கு: சபாத்தின் மூல டிரம்மரான வார்ட், 2012இல் ஒப்பந்தத் தகராறில் விலகியவர். 2013இல் வந்த '13' ஆல்பத்தில் அவர் இல்லை. 2017 பிப்ரவரியில் பர்மிங்காமில் விடைபெற்ற மேடையிலும் அவர் இல்லை. டாமி குளூஃபெட்டோஸ் வாசித்தார், இளைஞர், ஒரு அடி பிசகாது. அந்த நிகழ்ச்சியின் பதிவை நான் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறேன். சுத்தம். ஆனால் சபாத்துக்கு வேண்டியது சுத்தம் அல்ல. வார்டும் சார்லியைப் போல ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அந்தக் கனத்த கிட்டாருக்கு அடியில் தாளத்தை ஊசலாட விடுவார். வில்லா பார்க்கில் மூல உறுப்பினர் நால்வரும் ஒன்றாக வந்தது 2005க்குப் பிறகு அதுவே முதல் தடவை. 77 வயது வார்ட் சட்டையைக் கழற்றிவிட்டு வாசித்தார். சில இடங்களில் அடி முன்னே பின்னே விழத்தான் செய்தது. ஆனால் 'வார் பிக்ஸ்' தொடங்கி நாலு சுற்று வருவதற்குள் அந்த ஊசல் வந்துவிட்டது, ஓஸி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே ஆடத் தொடங்கினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஓஸி இறந்தார்.

ஆகவே "மூல உறுப்பினர்கள் எத்தனை பேர்" என்ற கணக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. 2023இல் கேரி ராசிங்டன் இறந்தபின் லினர்ட் ஸ்கினர்ட் குழுவில் மூலவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் கூட்டம் வருகிறது. கன்ஸ் அண்ட் ரோசஸ் 2012 டிசம்பரில் இந்தியா வந்தபோது ஸ்லாஷும் டஃப் மெக்கேகனும் இல்லை; 2025 மே மாதம் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் இருவரும் இருந்தார்கள், டிரம்மர்தான் புதியவர். இரண்டாவதுக்கே என் ஓட்டு. ஸ்லாஷுக்காக மட்டுமல்ல, புதிய டிரம்மர் ஐசக் கார்பெண்டர் ஐம்பது தாண்டியவர்களை அசட்டையாக நடக்க விடவில்லை.

இனி டிக்கெட் விஷயம். "விடைபெறும் சுற்று" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பதறிப் பணம் கட்டாதீர்கள். தி ஹூ குழு 1982இல் விடைபெற்றது. இன்னும் விடைபெற்றுக்கொண்டே இருக்கிறது. ஓஸி 1992இலேயே இனிச் சுற்று இல்லை என்றார். கிஸ் 2000இல் ஒரு தடவை விடைபெற்று, 2023 டிசம்பரில் நியூயார்க்கில் இன்னொரு தடவை விடைபெற்றது. ஸ்கார்பியன்ஸ் 2010இல் சொன்ன விடை இன்னும் முடியவில்லை. எல்டன் ஜான் மட்டும் 2018இல் தொடங்கிய விடைபெறும் சுற்றை 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் முறையாக முடித்தார். மாறாக, எந்த அறிவிப்பும் இல்லாமல் முடிந்துபோகும் பயணங்களும் உண்டு. ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில் குரல்வளையில் காயம். அடுத்த ஆகஸ்டில் குழு சுற்றுப்பயணத்தை நிறுத்தியது. விளம்பரம் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது.

அதிகாரபூர்வ நேரடிப் பதிவுகளை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். ஸ்டூடியோவில் திருத்திவிடுவார்கள். கடந்த மாதம் ஏதோ ஒரு ரசிகர் கைப்பேசியில் எடுத்த, ஆடிக்கொண்டிருக்கும் காணொளிதான் சத்தியமான சாட்சி. அதிலும் நிகழ்ச்சியின் கடைசி அரை மணி நேரத்தில் வரும் பாட்டைத் தேடுங்கள். தாளம் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அதே குழு இளமையில் மேடையில் வாசித்த பதிவு ஒன்றுக்கும் இதற்கும் தட்டிப் பாருங்கள். மூலத்தட்டோடு ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் இளம் குழுக்கள் மேடையில் தட்டைவிட வேகமாகவே ஓடும். கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை. முதல் பாட்டைவிடக் கடைசிப் பாட்டில் அதிகமாகக் குறைந்திருந்தால் யோசியுங்கள். அடி துளிகூட மாறாமல், திரையில் ஓடும் படத்தோடும் விளக்கோடும் அச்சாகப் பொருந்தினால், டிரம்மர் காதில் இயந்திரத் தாளம் ஓடுகிறது என்று அர்த்தம். தப்பில்லை; ஆனால் அந்த இரவு நேற்றைய இரவிலிருந்து பெரிதாக மாறாது.

இடம்? மேடைக்கு ஒட்டி நிற்பவர்களுக்குப் புகைப்படம் கிடைக்கும், ஒலி கிடைக்காது. மிக்ஸர் மேசைக்குக் கொஞ்சம் முன்னால், நடுவில் நில்லுங்கள்; ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரிசெய்வது உங்கள் காதுக்கும் சரியாக இருக்கும். ரொம்பப் பின்னால் போனால் கண்ணும் காதும் சண்டை போடும். நூறு மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். குச்சி விழுந்தபின் அடி கேட்கும். மெட்லைஃபில் பாதி நேரம் எனக்கு இதுதான் வேடிக்கை.

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். பஞ்சு போதாது, இசைக்கலைஞர்கள் போடும் வகை எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கும், பாட்டு மங்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த அளவு, பதினைந்து நிமிடச் சராசரியில் 100 டெசிபல். நம் ஊர்த் திறந்தவெளிகளில் அதை யார் அளக்கிறார்கள்? ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் கேட்கும் சக்தி குறைந்து 2016இல் நடுச்சுற்றிலேயே மேடையை விட்டு இறங்க வேண்டிவந்தது. புதிய காதுக்கருவி வந்தபின்தான் திரும்பினார். பணம் வாங்குகிற அவருக்கே அந்த கதி என்றால், பணம் கொடுத்துப் போகிற நமக்கு?

இந்தியாவில் திறந்தவெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் இங்கே நிகழ்ச்சி சீக்கிரம் தொடங்கி, டாண் என்று நிற்கும். ஆறு மணிக்கு உள்ளே இருங்கள். சென்னையிலிருந்து அரண்மனை மைதானத்துக்குப் போகிறவர்கள் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குவது நல்லது, கிட்டே. திரும்ப அன்றிரவே ரயில் பிடிக்கும் வீரம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. டீப் பர்ப்பிள் 1968இல் தொடங்கிய நாளிலிருந்து எல்லா ஆல்பத்திலும் இருக்கும் ஒரே ஆள் டிரம்மர் இயன் பெய்ஸ். 1948இல் பிறந்தவர். 2016இல் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்து, சில நிகழ்ச்சிகள் ரத்தாகி, மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார். சோலோவைவிட, பாட்டுக்கு நடுவே அவர் ஸ்னேரில் போடும் சன்னமான உருட்டலைக் கேளுங்கள்; அதை அவர் வயதில் வாசிக்க இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவர்கள் எட்டும் தூரத்தில் வந்தால் யோசிக்காமல் டிக்கெட் போடுங்கள். பெய்ஸ் இடக்கைக்காரர், செட் முழுக்கத் திருப்பிப் போட்டிருக்கும். மேடையைப் பார்த்தபடி இடப்பக்கம் நில்லுங்கள், கை நன்றாகத் தெரியும்.